பாடசாலையில் விஞ்ஞானப் புனைகதை: பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்கும் கேள்விகள்

திருகோணமலையில் ஒரு பாடசாலையில் தமிழ் கற்பிக்கிறேன். நூலகப் பாடவேளையும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. தரம் 8 முதல் 11 வரையான வகுப்புகளுக்கு விஞ்ஞானப் புனைகதைகளை வாசிக்கக் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து, பெற்றோர் கூட்டத்திலும் ஆசிரியர் அறையிலும் ஒரே வகையான கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. எல்லாம் நியாயமான கேள்விகள். நின்று நிதானமாகப் பதில் சொல்ல நேரம் வாய்ப்பதில்லை என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

விஞ்ஞானப் புனைகதை என்று எதைச் சொல்கிறீர்கள்?

இன்று இல்லாத, ஆனால் இயற்கையின் விதிகளுக்கு உட்பட்டு இருக்கக்கூடிய ஒன்றை உண்டென்று வைத்துக்கொண்டு, அதனால் மனிதர் வாழ்வில் என்னென்ன மாறும் என்று கடைசிவரை தொடர்ந்து சென்று பார்க்கிற கதை. மந்திரம் சொன்னதும் கதவு திறந்துகொண்டால் அது மாயாஜாலக் கதை. அந்தக் கதவு எப்படித் திறந்தது, யாருக்குத் திறக்கவில்லை, திறப்பு யார் கையில் இருக்கிறது என்று கதை விசாரிக்கத் தொடங்கினால் நாம் விஞ்ஞானப் புனைகதையின் பக்கம் வந்துவிட்டோம். எல்லைக்கோடு எப்போதும் தெளிவாக இருக்காது. பிள்ளைகள் அந்தக் கோட்டைப் பற்றிச் சண்டையிட்டால் நான் தடுப்பதுமில்லை.

சாதாரண தரப் பரீட்சை வருகிறது, ரீச்சர். இந்த வயதில் கதைப் புத்தகம் எதற்கு?

இதைக் கேட்கும் தாய்மாரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. பாடசாலை முடிந்து, ரியூசன் முடிந்து, இருட்டிய பிறகு மூதூர் பஸ்ஸில் நின்றபடி வீடு போய்ச் சேரும் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களுடைய நேரத்தை வீணாக்க எனக்கு உரிமையில்லை. நான் கேட்பது நேரசூசியில் ஏற்கெனவே இருக்கும் நூலகப் பாடவேளையை மட்டும்தான். அதுவும் கணித மீட்டலுக்கோ விளையாட்டுப் போட்டி ஒத்திகைக்கோ அடிக்கடி போய்விடுகிறது.

பரீட்சையையே அளவுகோலாக வைத்துப் பேசுவோம். கிரகித்தல் வினாவில் பிள்ளை முன்பின் பார்த்திராத ஒரு பந்தி வரும். மாதிரி விடைகளை மனனம் செய்து வளர்ந்த பிள்ளை அங்கே தடுமாறுகிறது. விஞ்ஞானப் புனைகதையோ முதல் பக்கத்திலேயே வாசகரை அறியாத இடத்தில் இறக்கிவிடுகிறது. அது என்ன இடம் என்று சொல்லித் தராது. நாமேதான் ஊகித்துப் பிடிக்க வேண்டும்.

புது வகுப்பில் நான் கரும்பலகையில் எழுதும் வரி இது: “இரண்டாவது சூரியன் மறைவதற்குள் உப்பளத்தின் கதவுகளைப் பூட்டிவிட வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.” இதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்பேன். முதலில் “இரண்டு சூரியனா!” என்று சிரிப்பார்கள். பிறகு ஒருத்தி, கதவு இருக்கிறதென்றால் அந்த உப்பளம் வெட்டவெளியில் இல்லை என்பாள். பின்னால் ஒருவன், பூட்டுகிறார்கள் என்றால் உப்பு அங்கே விலை கூடிய பொருள், திருட ஆள் வருகிறது என்பான். அம்மா எங்கே போனாள், இரவில் வருவது மனிதரா வேறெதுவுமா என்று வாதம் நீளும். ஒருமுறை, கடைசி வாங்கில் இருந்து வாயே திறக்காத ஒரு பிள்ளை எழுந்து, “முதலாவது சூரியன் மறையும்போது இருட்டாது. அப்படியானால் அந்த ஊரார் எப்போது நித்திரை கொள்வார்கள்?” என்று கேட்டது. மணி அடித்த பிறகும் வகுப்பு கலையவில்லை. ஒற்றை வாக்கியத்தை இவ்வளவு தூரம் துருவத் தெரிந்த பிள்ளைக்குக் கிரகித்தல் வினாவைக் கண்டு அச்சம் வருமா?

இதை வாசித்தால் விஞ்ஞானப் பாடத்தில் புள்ளி கூடுமா?

அப்படி நான் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை; கொடுக்கவும் மாட்டேன். கதையை மருந்துக்குத் தேனாகக் குழைத்துக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு நல்ல கதையை, அதில் நான்கு விஞ்ஞானத் தகவல் இருக்கிறது என்பதற்காக வாசிக்கச் சொன்னால் பிள்ளைக்கு அது உடனே தெரிந்துவிடும், புத்தகத்தை மூடிவிடும். இலக்கியம் என்பதற்காகவே இவற்றைக் கொடுக்கிறேன்.

கதைகளில் வரும் விஞ்ஞானம் பெரும்பாலும் பிழை. பிள்ளைகள் பிழையைப் படித்துவிடமாட்டார்களா?

ஒரு விஞ்ஞான ஆசிரியர் என்னிடம் இதைக் கடுமையாகவே கேட்டார். இப்போது அவருடைய மாணவர்களும் நூலகத்துக்கு வருகிறார்கள். காரணம், பிழையைப் பிடிப்பதைப் போல ஒரு பாடத்தை மனதில் பதிய வைக்கிற பயிற்சி வேறில்லை.

பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வேர்ண் 1865இல் வெளியிட்ட நாவலில், மூன்று பேரை ஒரு குண்டுக்குள் ஏற்றிப் பெரும் பீரங்கியால் சந்திரனை நோக்கிச் சுடத் திட்டமிடுகிறார்கள். பீரங்கியின் நீளம் 900 அடி, அதாவது சுமார் 270 மீற்றர். பூமியின் ஈர்ப்பை விட்டு விலகுவதற்குச் செக்கனுக்குச் சுமார் 11 கிலோமீற்றர் வேகம் வேண்டும். இந்த இரண்டு எண்களையும் உயர்தரப் பௌதிகவியல் மாணவர்களிடம் கொடுத்து, ஆர்முடுகல் (வேகம் கூடும் வீதம்) சீரானது என்று வைத்துக்கொண்டு கணிக்கச் சொன்னோம். புவியீர்ப்பு ஆர்முடுகலைப்போல் இருபதாயிரம் மடங்குக்கும் மேல் விடை வருகிறது. அறுபது கிலோ எடையுள்ள ஒருவரை 1,200 தொன்னுக்கு மேற்பட்ட பாரம் நசுக்குவதற்கு அது சமம். அந்த மூவரும் குழாயை விட்டு வெளியே வரும் முன்பே இறந்திருப்பார்கள். இன்றைய விண்கலம் ஏன் அவசரப்படாமல் எட்டு ஒன்பது நிமிடம் எடுத்துக்கொண்டு சுற்றுப்பாதைக்குப் போகிறது என்பதை அதற்குப் பிறகு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வேர்ண் சரியாகச் சொன்னதும் உண்டு. அவருடைய பீரங்கி இருந்தது புளோரிடாவில். 1969இல் அப்பலோ 11 புறப்பட்டதும் அதே மாநிலத்திலிருந்துதான். பூமத்திய கோட்டை நெருங்க நெருங்க ஏவுவது இலகு என்பது வேறொரு நாள் பாடமானது.

ஆனால் எல்லாப் பிழையும் இப்படிக் கண்ணில் படாது. மனிதர் மூளையில் பத்து வீதத்தை மட்டுமே பயன்படுத்துகிறார்கள் என்ற பொய்யைக் கதைகளும் படங்களும் சலிக்காமல் சொல்கின்றன. படித்தவர்களும் அதை நம்புகிறார்கள். அதனால்தான் இந்தக் கவலை உள்ள விஞ்ஞான ஆசிரியர் எனக்குக் கட்டாயம் வேண்டும். அவரும் அந்தக் கதையை வாசிக்க வேண்டும்.

தமிழாசிரியர்களே இதை இலக்கியமாக ஏற்பதில்லையே?

பலர் ஏற்பதில்லை. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1926 ஏப்ரலில் ஹியூகோ கேர்ன்ஸ்பாக் என்பவர் அமெரிக்காவில் முழுக்க முழுக்க இவ்வகைக் கதைகளுக்கென்று ஒரு மாத இதழைத் தொடங்கினார். மலிவான தாள், கண்ணைப் பறிக்கும் அட்டை, அட்டையில் அரக்கப் பூச்சியும் அலறும் மனிதரும். அப்படிப்பட்ட இதழ்கள் பெருகின. உள்ளே நல்ல கதை இருந்தாலும் அட்டையைப் பார்த்து மதிப்பிட்டவர்களே அதிகம். தமிழில் இவ்வகை எழுத்து வார இதழ்த் தொடர்கதைகளின் வழியாகவே பரவலாக வந்தது. பொழுதுபோக்கு என்ற முத்திரை அங்கேயே விழுந்துவிட்டது.

நம் நாட்டில் இன்னொரு காரணமும் உண்டு. க. கைலாசபதி, கா. சிவத்தம்பி போன்றோர் வளர்த்தெடுத்த முற்போக்கு விமர்சன மரபு, மண்ணையும் மக்களையும் அவர்கள் படும் பாட்டையும் உள்ளபடி எழுதச் சொன்னது. அந்த மரபிலிருந்துதான் நானும் இலக்கியம் படித்தேன். அதற்கு என்றும் கடன்பட்டிருக்கிறேன். அதன் நிழலில் வளர்ந்தவர்களுக்கு வேற்றுக்கிரகக் கதை என்றால் நிஜத்திலிருந்து தப்பியோடுவதாகத் தோன்றுகிறது. நான் அவர்களிடம் சொல்வது இதுதான்: அதிகாரம் யாரிடம் இருக்கிறது, உழைப்பது யார், அனுபவிப்பது யார் என்று அந்த மரபு கேட்ட கேள்விகளைத்தான் நல்ல விஞ்ஞானப் புனைகதையும் கேட்கிறது. செவ்வாய்க் கிரகத்தில் காற்றை விலைக்கு விற்கும் ஒரு நிர்வாகத்தைப் பற்றிய கதையை, தண்ணீர் பவுசர் வரும்வரை வீதியில் காத்திருந்த அனுபவமுள்ள பிள்ளை வாசித்தால் அது எதைப் பற்றியது என்று விளங்காமல் போகாது.

முன்முடிவு வாசிப்பைக் கெடுக்கும் என்பதற்கு ஒரு சான்றும் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் அன்ட் லீ பல்கலைக்கழகத்தில் இருவர் நடத்தி 2017இல் வெளியான பரிசோதனையில், ஒருவர் உணவுச்சாலைக்குள் நுழையும் காட்சி சிலருக்குச் சாதாரண ஊரில் நடப்பதாகவும் சிலருக்கு விண்வெளி நிலையத்தில் நடப்பதாகவும் கொடுக்கப்பட்டது. விண்வெளி வடிவத்தை வாசித்தவர்கள் குறைந்த கவனத்துடன் வாசித்தார்கள்; கிரகித்ததும் குறைவு. இது ஆழமில்லாதது என்ற எண்ணத்தோடு வாசிக்கிறவருக்கு அதில் ஆழம் தெரியாது. நம் ஆசிரியர் அறைகளிலும் அதுவே நடக்கிறது என்று நினைக்கிறேன்.

இது மேல்நாட்டார் இலக்கியம். அதிலும் பையன்களுக்கானது அல்லவா?

இரண்டும் இல்லை. தாவரங்கள் பற்றிய ஆய்வுகளால் நம் பாடப்புத்தகங்களில் அறிமுகமான ஜகதீஷ் சந்திர போஸ் 1896இலேயே வங்காளியில் ஒரு விஞ்ஞானக் கதை எழுதினார். தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்ப் போத்தல் ஒன்றைக் கடலில் ஊற்றிப் புயலை அடக்கும் கதை. நீரில் பரவும் எண்ணெய் அலையைத் தணிக்கும் என்பது கடலோடிகள் அறிந்ததுதான்; ஆனால் ஒரு போத்தல் எண்ணெய்க்குப் புயல் அடங்குமா? புயல்களைக் கண்ட ஊரில் இந்தக் கேள்வியைப் பிள்ளைகள் விட்டுவைப்பதில்லை.

1905இல் சென்னையிலிருந்து வெளிவந்த ஓர் ஆங்கிலப் பெண்கள் இதழில் வங்காள முஸ்லிம் பெண்ணான ரொக்கேயா சகாவத் ஹொசைன் எழுதிய கதையில், பெண்கள் ஆளும் ஒரு நாடு வருகிறது. சூரிய வெப்பத்தில் சமைக்கிறார்கள், மேகத்திலிருந்து நீரை இறக்குகிறார்கள், ஆகாயத்தில் பயணிக்கிறார்கள். ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு மாணவிக்கு இதன் சுருக்கத்தைத் தமிழில் சொன்னபோது அவள் முதலில் கேட்டது, “எந்த ஆண்டில் எழுதினார்?” என்பதுதான். ஆண்டைச் சொன்னதும் இன்னொருமுறை சொல்லச் சொன்னாள். இவ்வகை எழுத்தின் தொடக்கம் என்று பலரும் கருதும் 1818ஆம் ஆண்டு நாவலை, உயிரற்ற உடலுக்கு உயிர் கொடுத்துவிட்டுப் பொறுப்பைத் தட்டிக்கழித்த ஒருவனின் கதையை, எழுதத் தொடங்கியபோது மேரி ஷெல்லிக்கு வயது 18. உயர்தரம் படிக்கும் பெண்ணின் வயது.

திருகோணமலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருப்பேன்.

உலகம் அறிந்த விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார். அவரை இழுத்து வந்தது கடல். வந்த அதே ஆண்டில் திருகோணமலையில் கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலையின் அடிவாரத்தில் நண்பர் மைக் வில்சனோடு சுழியோடியபோது, போர்த்துக்கேயர் பதினேழாம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளிய பழைய கோணேசர் ஆலயத்தின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கடலடியில் கண்டார்; அடுத்த ஆண்டு அதை நூலிலும் எழுதினார். விண்வெளியைப் பற்றி எழுதிய ஒருவர் நம் கோயிலின் கற்களைக் கடலடியில் தொட்டிருக்கிறார் என்று சொல்லும்போது, இராவணன் வெட்டுக்கு மேல் நின்று கீழே எட்டிப் பார்த்துப் பழகிய பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

அவர் 1945இல் எழுதிய ஒரு தொழில்நுட்பக் கட்டுரை, பூமியிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் மூன்று நிலையங்களை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்றது. அது கதையன்று, அப்போது அந்த உயரத்தில் எதுவும் இருக்கவுமில்லை. இன்று உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கூரைகளில் இருக்கும் டிஷ் அன்டெனாக்கள் ஏன் ஒரே திசையைப் பார்த்து அசையாமல் நிற்கின்றன என்ற கேள்விக்கு விடை அந்த உயரத்தில் இருக்கிறது: அங்கே சுற்றும் செய்மதி பூமியோடு சேர்ந்து சுழல்வதால் வானத்தில் ஒரே இடத்தில் நிற்பதாகத் தெரியும்.

1979இல் அவர் எழுதிய நாவலில் பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி கட்டுகிறார்கள். கதை நடப்பது இலங்கையை ஒத்த ஒரு தீவில். சிகிரியாவும் சிவனொளிபாத மலையும் வேறு பெயர்களில் வருகின்றன. ஒரே ஒரு மாற்றம்: தீவைச் சுமார் 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தி வைத்தார். ஏன் என்று வகுப்பில் கேட்டேன். “மழைக்காக” என்றார்கள், “போருக்குத் தூரமாக” என்றான் ஒருவன். தேசப்படத்தை விரித்துப் பூமத்திய கோட்டில் விரலை ஓடவிட்ட பிறகுதான் பிடிபட்டது. அந்தச் செய்மதிப் பாதை பூமத்திய கோட்டுக்கு நேர் மேலே இருக்கிறது. தூக்கியின் அடி அங்கேதான் ஊன்ற முடியும். கதைக்காக ஒரு நாட்டையே நகர்த்தலாம், ஆனால் இயற்கை விதியை நகர்த்த முடியாது என்று அவர் எண்ணியிருக்கிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. வேர்ணின் நீர்மூழ்கிக் கதை, 1870ஐ ஒட்டி வெளிவந்தது, மன்னார் முத்துச் சலாபத்துக்கு வருகிறது. காலில் கல்லைப் பிடித்துக்கொண்டு மூழ்கும் ஏழைச் சுழியோடி ஒருவரைச் சுறா தாக்க வரும்போது கப்டன் நீமோ காப்பாற்றி, முத்துகள் நிறைந்த பையையும் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். சங்குக்கும் கடலட்டைக்கும் சுழியோடுகிறவர்களின் பிள்ளைகள் எம்மிடம் படிக்கிறார்கள். அந்தச் சுழியோடி கதையில் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லையே என்று ஒரு மாணவன் சொன்னான். அவனையே அந்தப் பகுதியைச் சுழியோடியின் வாயால் எழுதச் சொன்னேன். படகுக்குத் திரும்பியதும் சம்மாட்டி அந்த முத்துப் பையைப் பார்த்துத் “திருடினாயா?” என்று கேட்பதில் தொடங்கியது அவன் கதை.

புஷ்பக விமானம் எங்களிடம் இருந்ததே. சமய நம்பிக்கைக்கு இது இடைஞ்சல் ஆகாதா?

புஷ்பக விமானத்தைப் பழைய ஆகாய விமானத்துக்குச் சான்றாகக் காட்டுவதை நான் ஏற்பதில்லை. அது காவியத்துக்கும் நீதியன்று, விஞ்ஞானத்துக்கும் நீதியன்று. நினைத்த இடத்துக்குப் போகும் அந்த விமானம் கவிகளின் கற்பனையில் எழுந்தது. அதற்கு எரிபொருள் தேட வேண்டியதில்லை. ஆனால், “இலங்கை முழுவதற்கும் ஒரே ஒரு விமானம் இருந்தால் அதில் யார் ஏறுவார்கள், யார் ஏற முடியாது?” என்று ஒரு பிள்ளை எழுதத் தொடங்கினால் அது அருமையான கதைக்கு வித்து.

நம்பிக்கையைப் பொறுத்தவரை, சைவ, இஸ்லாமிய, கிறிஸ்தவ, பௌத்தப் பிள்ளைகள் அருகருகே வாழும் மாவட்டம் இது. செயற்கையாக ஓர் உயிரை உண்டாக்கினால் அதற்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்ற கேள்விக்கு ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் கற்றதை வைத்தே பதில் சொல்கிறார்கள். யாருடைய நம்பிக்கையும் அதனால் ஆட்டம் கண்டதாக நான் பார்த்ததில்லை.

அழிவு, போர், பேரலை என்று வரும் கதைகள் நம் பிள்ளைகளுக்கு ஏற்றவையா?

எனக்கு இருப்பதில் மிகவும் பாரமான கேள்வி இது. 2004 டிசம்பர் 26 அன்று இன்றைய மாணவர்கள் பிறந்திருக்கவில்லை. ஆனால் மாலையிட்ட படங்கள் அவர்களுடைய வீட்டுச் சுவர்களில் இருக்கின்றன. போரில் காணாமல் போனவர்களைத் தேடும் பாட்டிமார் இருக்கிறார்கள். நகரம் மூழ்குவதையும் மக்கள் மடிவதையும் வேடிக்கையாகக் காட்டும் கதைகளை நான் வகுப்புக்குள் கொண்டுவருவதில்லை. அழிவுக்குப் பிறகு மனிதர்கள் ஒருவரையொருவர் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று சொல்லும் கதைகளைக் கொடுப்பேன். கதையில் என்ன வருகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். வேண்டாம் என்ற பிள்ளையிடம் காரணம் கேட்காமல் வேறு புத்தகத்தை எடுத்துக் கொடுப்பேன். உரத்து வாசிக்க எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை.

நான் கேட்காமலே ஒருத்தி எழுதி வந்த கதையில், கடற்கரை எச்சரிக்கைக் கோபுரத்தில் ஓர் இளம்பெண் வேலை செய்கிறாள். தவறாக ஒலித்தால் அடுத்தமுறை ஊர் நம்பாது. ஒலிக்காமல் விட்டால் ஊரே இருக்காது. இயந்திரம் “நிச்சயமில்லை” என்கிறது. 2012 ஏப்ரல் 11 அன்று எச்சரிக்கை கேட்டு ஓடி, பேரலை வராமல் வீடு திரும்பியதைத் தாய் சொல்லக் கேட்டதிலிருந்து எழுதினாளாம். வாசித்துவிட்டு அந்தக் கொப்பியை அவளுடைய தாயிடமே கொடுத்தனுப்பினேன்.

படம் பார்த்தால் போதாதா?

பார்க்கட்டும். ஆனால் படத்தில் இரண்டாவது சூரியனை வேறொருவர் வரைந்து கொடுத்துவிடுகிறார்.

தமிழில் வாசிக்க என்ன இருக்கிறது?

வேண்டிய அளவு இல்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. சுஜாதாவின் கதைகளிலிருந்து தொடங்கலாம். பெங்களூரில் மின்னணுப் பொறியியலாளராகப் பணியாற்றியவர். 1980களில் அவர் தொடர்கதையாக எழுதிய ‘என் இனிய இயந்திரா’வில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாய் பிள்ளைகளுக்கு உடனே நண்பனாகிவிடுகிறது. 2020களின் தொடக்கத்தில் நடப்பதாக அமைந்த கதை அது. அந்த ஆண்டுகளைக் கடந்துவிட்ட நம் மாணவர்கள் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பட்டியல் போடுவதில் ஒரு பாடவேளை போய்விடும். அவருடைய எல்லாக் கதைகளும் எல்லா வயதுக்கும் ஏற்றவையல்ல. ஆசிரியர் முதலில் வாசித்துவிட்டுக் கொடுக்க வேண்டும்.

வேர்ண், ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் ஆகியோரின் நாவல்கள் தமிழில் சுருக்கமாகக் கிடைக்கின்றன. சில சுருக்கங்கள் கதையின் எலும்பை மட்டும் விட்டுவைக்கின்றன. வாங்கும் முன் நடுவில் இரண்டு பக்கம் வாசித்துப் பாருங்கள். தமிழகத்திலிருந்து வரும் புத்தகம் இங்கே வந்து சேரும்போது விலை கூடிவிடுவதால் பாடசாலை நூலகம் வாங்கினால்தான் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கிடைக்கும். திருகோணமலைத் துறைமுகத்திலோ தம்பலகாமத்து வயலிலோ நடக்கும் விஞ்ஞானப் புனைகதையை என் மாணவர்கள் வாசிக்க வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை. இப்போதைக்கு அதை அவர்களே எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் பாடசாலைக்குப் புத்தகம் கொடுக்க விரும்புகிறோம். எப்படிக் கொடுப்பது?

ஒரே புத்தகத்தில் ஐந்தாறு பிரதிகள் தந்தால் பெரிய உதவி. ஐந்து பேர் ஒரே கதையை வாசித்தால்தான் வாதம் பிறக்கும். பழைய புத்தகமும் நல்லதுதான். அட்டை கிழிந்திருந்தால் நாங்கள் ஒட்டிக்கொள்வோம், கடைசிப் பக்கங்கள் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துவிட்டுத் தாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் ஆங்கிலப் பெட்டியொன்றை அனுப்புவதைவிட, அதே பணத்தில் தமிழ்ப் புத்தகங்களை இங்கேயே வாங்கச் சொன்னால் கூடுதலான பிள்ளைகளின் கைக்குப் போய்ச் சேரும்.